வரிசையில் நிற்கும் பன்னிரண்டு நிமிடங்கள்

கேள்வி:

மூன்றாண்டுகளாக உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். என் ஏழாம் வகுப்பில் 38 மாணவர்கள். அவர்களில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனுக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு – மிகை இயக்கக் கோளாறும், பெரியவர்களை எதிர்த்து முரண்டும் நடத்தைக் கோளாறும் இருப்பதாக மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார், மாத்திரையும் சாப்பிடுகிறான். சென்ற மாதம் மட்டும் மூன்று பெரிய சம்பவங்கள். தொடர் ஓட்டத்துக்கு வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவனைத் தள்ளிவிட்டான். பந்தால் அடித்து ஆளை வெளியேற்றும் ஆட்டத்தில் அவுட் ஆனதும், பந்தை ஒரு மாணவியின் முகத்தில் எறிந்தான். இன்னொரு நாள் பந்துகளையும் மட்டைகளையும் திரும்ப வாங்கும்போது தர மறுத்து, மட்டையைத் தரையில் அடித்து உடைத்தான். ஒவ்வொரு முறையும் அவனை மரத்தடியில் உட்கார வைக்கிறேன். சில நாள் மைதானத்தை ஐந்து சுற்று ஓடச் சொல்கிறேன். இப்போதெல்லாம் பாடவேளை தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் மரத்தடிக்குப் போய்விடுகிறான். இதே வகுப்பில் ஒரு மாணவி, என்ன சொன்னாலும் செய்யாமல் சுவரோரம் உட்கார்ந்துவிடுகிறாள். பையனுக்கு விளையாட்டுப் பாடவேளையிலிருந்து விலக்கு அளித்துவிடலாம் என்கிறார் தலைமையாசிரியர். அல்லது குத்துப்பை ஒன்று வாங்கித் தருகிறேன், கோபத்தை அதில் தீர்த்துக்கொள்ளட்டும் என்கிறார். மற்றப் பெற்றோரிடமிருந்து புகார்கள் வருகின்றன. அவனை விலக்குவது சரியா? நான் இதுவரை செய்தது தவறென்றால், அதை அவனிடம் சொல்ல வேண்டுமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

விலக்க வேண்டாம் என்பதே என் பதில். ஏன் என்பதையும், விலக்காமல் வகுப்பை எப்படி நடத்துவது என்பதையும் உங்கள் கடிதத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். நீங்கள் விவரித்த மூன்று சம்பவங்களையும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். முதல் சம்பவத்தில் அவன் தன் முறைக்காகக் காத்து நிற்கிறான். இரண்டாவதில் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படுகிறான். மூன்றாவதில் ஆட்டம் முடிந்து, கையிலிருந்த பொருளைத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. மூன்றில் ஒன்றில்கூட அவன் ஆடிக்கொண்டிருக்கவில்லை. ஆடும்போது யாரையும் அடித்தான் என்று நீங்கள் ஓரிடத்திலும் எழுதவில்லை. அப்படி நடந்திருந்தால் உங்களைப் போல் நுணுக்கமாகக் கவனிப்பவர் அதை விட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆகவே சிக்கல் விளையாட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விளையாட்டுக்கும் விளையாட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிகளில் இருக்கிறது. அந்த இடைவெளிகள் உங்கள் கையில் இருப்பவை. பையனை மாற்றுவதற்கு முன் அவற்றை மாற்றிப் பார்க்கலாம்.

மருத்துவர் எழுதிய பெயர்கள் உங்களுக்கு எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளைக் கண்டறிவதற்கான டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி, முரண்டும் கோளாறு என்று முடிவு கட்டுவதற்கு, எட்டு அறிகுறிகளில் குறைந்தது நான்கு, ஆறு மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். ஏ.டி.எச்.டி. என்று சொல்ல, பன்னிரண்டு வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தென்பட்டிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு சூழல்களிலாவது அவை வெளிப்பட வேண்டும். எனவே இது உங்கள் மைதானத்தில் மட்டும் அவன் காட்டும் திமிர் அன்று. உங்கள் மேல் அவனுக்குள்ள தனிப்பட்ட வெறுப்பும் அன்று. காத்திருப்பதும், தொடங்கியதை நிறுத்துவதும், கிளர்ந்த உணர்ச்சியை அடக்குவதும் அவனுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு கடினம். இவ்வளவைத்தான் அந்தப் பெயர்கள் சொல்லும். ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில் அவன் ஏன் பந்தை எறிந்தான் என்பதை எந்தக் கையேடும் சொல்லாது.

அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: முன்பு நடந்தது, அவன் செய்தது, பின்பு நடந்தது. நடத்தை ஆய்வில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்படும் எளிய முறை இது. ஆனால் எழுதும் விதத்தில்தான் இதன் பயன் இருக்கிறது. "வழக்கம்போல் முரட்டுத்தனம் செய்தான்" என்று எழுதினால் அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை. "10.12 மணி. தொடர் ஓட்ட வரிசையில் ஏழாவதாக நின்றான். நான்கு நிமிடமாகக் காத்திருந்தான். காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். முன்னால் நின்றவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். – இரு கைகளாலும் முதுகில் தள்ளினான். – நான் உரக்கக் கூப்பிட்டேன், வகுப்பே திரும்பிப் பார்த்தது, மரத்தடிக்கு அனுப்பினேன்." இப்படி எழுதினால் இரண்டு வாரத்தில் ஓர் ஒழுங்கு கண்ணுக்குப் புலப்படும். பொதுவாக ஒரு மாணவனின் தொல்லை நான்கில் ஒன்றை அவனுக்குப் பெற்றுத் தருகிறது: பிறர் கவனம், அவன் விரும்பும் பொருள் அல்லது செயல், உடல் தேடும் ஓர் உணர்வு, பிடிக்காத ஒன்றிலிருந்து தப்பித்தல். இவற்றில் எது உங்கள் பையனுக்குக் கிடைக்கிறது என்பதை மூன்றாம் பத்தி காட்டும். அதைக் காணும்வரை எந்தத் தண்டனையும் எந்தப் பரிசும் குருட்டடியே.

இனி இடைவெளிகளுக்கு வருவோம். முதலில் வரிசை. 38 பேர் ஒரே வரிசையில் நின்று, ஆளுக்கு இருபது விநாடி என்று ஒரு பயிற்சியைச் செய்தால், ஒரு மாணவன் தன் முறை முடிந்து மறுமுறை வரும்வரை 740 விநாடிகள், அதாவது பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் சும்மா நிற்கிறான். நாற்பது நிமிடப் பாடவேளையில் அவனுக்கு மூன்று முறை கிடைப்பதே அரிது. ஒரு நிமிட விளையாட்டுக்காக அரை மணி நேரம் நிற்கிறான். நல்ல பழக்கமுள்ள பிள்ளைகளே அந்நேரத்தில் ஒருவரையொருவர் கிள்ளிக்கொள்வார்கள். காத்திருத்தலே நோயின் மையமாக உள்ள ஒருவனை அங்கே நிறுத்திவிட்டு, அவன் தள்ளினான் என்று வியப்பதற்கு ஒன்றுமில்லை. அதே பயிற்சியை நான்கு வரிசையாகப் பிரித்தால் காத்திருப்பு மூன்று நிமிடமாகக் குறையும். இருவர் இருவராகப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் நிறுத்தினால் காத்திருப்பே இல்லை. அத்தனை பந்துகள் இல்லையே என்பீர்கள். மைதானத்தை ஆறு நிலையங்களாகப் பிரித்து, இரண்டில் மட்டும் பந்துப் பயிற்சியும், மற்றவற்றில் கயிறு தாண்டுதல், குறுகிய தூர ஓட்டம், சமநிலைப் பயிற்சி, கோடுகளுக்கு இடையே பக்கவாட்டில் தாவுதல் போன்றவையும் வைத்து, நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஊதி இடம் மாற்றினால், இருக்கும் பந்துகளே போதும். ஒவ்வொரு நிலையத்திலும் என்ன செய்ய வேண்டும் என்பதைப் படமாக வரைந்து ஓர் அட்டையில் வைத்துவிடுங்கள். நீண்ட விளக்கத்தை நின்று கேட்பதும் காத்திருத்தலின் இன்னொரு வடிவமே. விளக்கம் முப்பது விநாடியைத் தாண்டக் கூடாது என்பது நான் எனக்கு வைத்துக்கொண்டிருக்கும் வரம்பு. அதற்கு மேல் பேசும்போது, பிள்ளைகளைவிட என் குரல்தான் எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது என்று பொருள்.

அடுத்தது, ஆளை வெளியேற்றும் ஆட்டங்கள். இவற்றை இந்த வகுப்பில் உடனே நிறுத்திவிடுங்கள். பயிற்சி அதிகம் தேவைப்படுபவனே முதலில் வெளியேறுகிறான். வெளியேறியவன் செய்வதற்கு எதுவுமின்றி, தோல்வியோடு எல்லோர் பார்வையிலும் நிற்கிறான். எறிவதை இலக்குகளின் மீது மாற்றுங்கள். அடிபட்டவர் வெளியேறாமல், ஓரமாகப் போய்ப் பத்து முறை குதித்துவிட்டு மீண்டும் ஆட்டத்துக்குள் வரட்டும். உடற்கல்வி முறைகளை வகுத்தவர்களில் முக்கியமானவரான மஸ்கா மோஸ்டன் இதை ஒரு கயிற்றைக் கொண்டே காட்டினார். உயரம் தாண்டுவதற்குக் கயிற்றை மட்டமாகப் பிடித்து, சுற்றுக்குச் சுற்று உயர்த்தினால், தாண்ட முடியாதவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கிக்கொண்டே போவார்கள். அதே கயிற்றின் ஒரு முனையைத் தரையோடும் மறுமுனையை மார்பு உயரத்திலும் பிடித்துச் சாய்வாக்கினால், ஒவ்வொருவரும் தம்மால் தாண்டக்கூடிய இடத்தைத் தாமே தேர்ந்துகொண்டு தாண்டுவர். ஒருவரும் ஒதுங்க வேண்டியதில்லை. ஒருநாள் இதைச் செய்து பாருங்கள். உங்கள் பையன் முதல் தாவலுக்கு எந்த இடத்தைத் தேர்கிறான், மூன்றாம் தாவலுக்கு எங்கே நகர்கிறான் என்று கவனியுங்கள்; அவன் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பதை அவன் வாயால் சொல்வதைவிட அது தெளிவாகச் சொல்லும். அணித் தலைவர்கள் ஆள் பொறுக்கும் வழக்கம் உங்கள் வகுப்பில் இருந்தால் அதையும் கைவிடுங்கள். பட்டியலை முதல் நாளே நீங்கள் எழுதி வந்துவிடலாம்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்; உடற்கல்வி ஆசிரியர்கள் பலர் இதைத் தவறவிடுகிறோம். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளில் கணிசமானவர்களுக்கு உடல் ஒருங்கிணைப்புக் குறைபாடும் சேர்ந்தே இருக்கும். ஓட்டத்தில் வேகமாகத் தெரிவான். ஆனால் பந்தைப் பிடிக்கும்போது கண்ணும் கையும் ஒத்துவராது. அப்படிப்பட்ட பன்னிரண்டு வயதுப் பையன் முப்பத்தேழு பேர் முன்னால் பந்தைக் கோட்டைவிட்டுச் சிரிப்புக்கு ஆளாவதைவிட, பந்தை எறிந்து முரடன் என்று பெயரெடுப்பதையே விரும்புவான். அந்த வயதில் கெட்டவன் என்ற பெயரைவிடக் கையாலாகாதவன் என்ற பெயர் சுடும். இதைச் சோதிக்க, வேறு யாரும் இல்லாத ஐந்து நிமிடத்தில் அவனோடு பந்து போட்டுப் பிடித்துப் பாருங்கள். இரண்டு கைகளையும் விறைப்பாக முன்னே நீட்டுகிறானா, பந்து வரும்போது முகத்தைத் திருப்புகிறானா, மார்போடு அணைத்துத்தான் பிடிக்கிறானா என்று பாருங்கள். அப்படியென்றால் பெரிய, மென்மையான, மெதுவாக வரும் பந்தோடு தொடங்க வேண்டும். வகுப்பு முழுவதற்கும் பல அளவுப் பந்துகளைக் குவித்து வைத்து, விரும்பியதை எடுத்துக்கொள்ளச் சொன்னால், அவன் பெரிய பந்தை எடுப்பது யார் கண்ணையும் உறுத்தாது. பெற்றோரிடம் சொல்லி, இயன்முறைச் சிகிச்சையாளரிடமோ, அன்றாடச் செயல்களுக்கான திறனைப் பயிற்றும் செயல்முறைச் சிகிச்சையாளரிடமோ ஒருமுறை காட்டச் செய்வதும் நல்லது.

இந்தப் பின்னணியில் மரத்தடியைப் பற்றி யோசியுங்கள். "இப்போதெல்லாம் பத்து நிமிடத்துக்குள் மரத்தடிக்குப் போய்விடுகிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். தண்டனை என்பது ஒரு செயலைக் குறைக்க வேண்டும். இங்கே செயல் கூடியிருக்கிறது. தள்ளினால் வரிசையும் இல்லை, பிடிக்க முடியாத பந்தும் இல்லை, அவுட் ஆகும் அவமானமும் இல்லை. நிழலும் ஓய்வும் கிடைக்கின்றன. நீங்கள் தண்டிப்பதாக நினைத்த இடத்தில், அவன் தப்பிக்கும் வழியைக் கற்றுக்கொண்டான். உங்களுக்கும் அந்த அரை மணி நேரம் அமைதியாகப் போகிறது என்பதால், அனுப்பும் பழக்கம் உங்களிடமும் வலுப்பெற்றுவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் அப்படி அனுப்பியவன்தான். ஓய்விடம் வேண்டாம் என்பதில்லை. அவன் பொங்குவதற்கு முன்பே, தானாகக் கேட்டுப் போகும் இடமாக அது மாற வேண்டும். அவனுக்கென்று ஒரு சிறு அட்டை கொடுங்கள், அல்லது கையால் காட்டும் ஒரு குறிப்பை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்; அதைக் காட்டினால் கேள்வி கேட்காமல் மூன்று நிமிடம் போகலாம், உங்கள் பார்வைக்குள்ளேயே இருக்க வேண்டும், திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து அதே செயலைச் சற்று எளிமையாக்கித் தொடர வேண்டும். தப்பித்தல் தேவைப்படும் ஒருவனுக்கு அதை நாகரிகமாகக் கேட்டுப் பெறும் வழியைக் கற்றுக்கொடுத்தால், முரட்டு வழியின் தேவை குறையும்.

மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். நாம் பிள்ளைகளிடம் வளர்க்க விரும்புவது ஓடுவதில் உள்ள மகிழ்ச்சி. அதையே தண்டனையாக்கினால் நம் பாடத்தை நாமே கசப்பாக்குகிறோம். உடற்பயிற்சியைத் தண்டனையாகப் பயன்படுத்துவதும், தண்டனையாக உடற்கல்வியைப் பறிப்பதும் தவறான நடைமுறைகள் என்று அமெரிக்க உடற்கல்வி ஆசிரியர்களின் தேசியச் சங்கம் 2009-இலேயே நிலைப்பாடு அறிவித்திருக்கிறது. குத்துப்பை யோசனையும் நல்லெண்ணத்தில் பிறந்ததுதான்; ஆனால் கோபத்தைக் குத்தித் தீர்த்தால் தணியும் என்பது சோதனையில் நிற்காத நம்பிக்கை. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே பையைக் குத்தியவர்கள், எதுவும் செய்யாமல் அமைதியாக உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடும் ஆக்கிரமிப்போடும் நடந்துகொண்டனர். குத்துவதைப் பழகினால் குத்துவதே பழகும். மாறாக, சீரான ஓட்டம், நீச்சல், மிதிவண்டி போன்ற மிதமான ஏரோபிக் பயிற்சி கவனத்துக்கு உதவுகிறது. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகள் இருபது நிமிடம் டிரெட்மில்லில் மிதமாகப் பயிற்சி செய்த பிறகு கவனச் சோதனையையும் பாடச் சோதனைகளையும், அதே நேரம் உட்கார்ந்து படித்த நாளைவிட நன்றாகச் செய்தனர். விளையாட்டை விலக்கச் சொல்லும் தலைமையாசிரியரிடம் இதை நீங்கள் எடுத்துச் சொல்லலாம். அவனை வகுப்பறையில் உட்கார வைப்பது அடுத்துவரும் கணித ஆசிரியருக்கும் கெடுதல்.

மூன்றாவது இடைவெளி, முடிவு. ஆடிக்கொண்டிருப்பதைத் திடீரென்று நிறுத்தச் சொல்லிக் கையிலிருப்பதைப் பிடுங்குவது, அவனைப் போன்ற ஒருவனுக்குப் படிக்கட்டு இருப்பதாக நினைத்துக் கால் வைத்த இடத்தில் தரை இல்லாததைப் போன்றது. ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு விசில், ஒரு நிமிடம் இருக்கும்போது இரண்டு விசில், முடிவில் நீண்ட விசில் என்று வகுப்புக்கே ஒரு வழக்கம் ஏற்படுத்துங்கள். கடைசி நிமிடத்தில், பந்துகளை எண்ணிப் பைக்குள் போடும் பொறுப்பை அவனிடம் கொடுங்கள். பந்தைத் தர மறுப்பவனை வாங்குபவனாக மாற்றும் சிறு தந்திரம் இது. எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. மட்டை, ஈட்டி, குண்டு போன்றவற்றை இப்போதைக்கு, செயல் தொடங்கும் நொடியில் கொடுத்து, முடிந்த நொடியில் வாங்கிவிடும் வகையில் திட்டமிடுங்கள்; காத்திருக்கும் கையில் அவை இருக்கவே கூடாது.

இவ்வளவு செய்தும் சில நாள் பொங்குவான். சீற்றம் ஒரே நொடியில் வருவதாக நமக்குத் தோன்றும். ஜெஃப் கால்வின் என்ற சிறப்புக் கல்வி அறிஞர் அதை அமைதி, தூண்டுதல், கிளர்ச்சி, ஏற்றம், உச்சம், தணிவு, மீட்சி என்று ஏழு கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். மண்ணைக் காலால் கிளறியது கிளர்ச்சிக் கட்டம். அங்கே நீங்கள் பக்கத்தில் போய், "இந்தக் கூம்புகளை அந்தக் கோட்டில் வைத்துவிட்டு வா" என்று வேறு வேலை கொடுத்தால் போதும். ஏற்றத்துக்குப் போய்விட்டால் பேச்சைக் குறையுங்கள். நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில், இரண்டு கை தூரத்துக்கு அப்பால் நின்று, தாழ்ந்த குரலில், என்ன செய்யக் கூடாது என்பதை விட்டுவிட்டு என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள்: "பந்தைக் கீழே வை." சொல்லிவிட்டுப் பத்து விநாடி காத்திருங்கள். அதற்குள் இன்னொரு கட்டளை, அதன்மேல் ஒரு மிரட்டல் என்று அடுக்கினால் அவன் எதற்குக் கீழ்ப்படிவான்? உச்சத்தில் அவனை நகர்த்த முயலாமல் மற்றப் பிள்ளைகளை நகர்த்துங்கள். "எல்லோரும் நீலக் கோட்டுக்கு" என்று சொன்னால் எல்லோரும் அங்கே ஓடும் பயிற்சியை முன்கூட்டியே வகுப்புக்குக் கொடுத்து வையுங்கள். அப்படிச் செய்தால் பார்வையாளர்களும் இல்லாமல் போவார்கள். அவனைப் பிடித்து அழுத்துவது, முக்கியமாகக் குப்புறப் படுக்கவைத்து அழுத்துவது, மூச்சடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். முறையான பயிற்சியும் எழுத்திலான பள்ளித் திட்டமும் இல்லாத எவரும் அதில் இறங்கக் கூடாது.

தணிந்த பிறகு நேரம் கொடுங்கள். இதை நான் கற்றது ஒரு தவற்றால். முன்பு ஒரு பள்ளியில், சண்டை ஓய்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகாதபோது, ஒரு மாணவனை எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். முகம் வெளிறியிருந்தது, கைகள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன; நான் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த நொடி, முதல் முறையைவிடப் பெரிதாக வெடித்தான். அருகிலிருந்த கம்பம் சாய்ந்து என் தோளில் விழுந்தது. உச்சத்துக்குப் பின் உடல் பழைய நிலைக்கு வர அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். மன்னிப்பு, விளக்கம், உடைந்த மட்டைக்கு ஈடு ஆகியவை எல்லாம் வேண்டியவைதான்; ஆனால் அவை மறுநாள் வேலை. முகத்தில் பந்து பட்ட மாணவியையோ உடனே, அன்றே கவனிக்க வேண்டும். அவளுக்கு நடந்தது அநியாயம் என்று அவளிடமும் அவள் பெற்றோரிடமும் நேரடியாகச் சொல்லுங்கள். அவன் நோயைக் காரணம் காட்டி அவள் வலியைச் சிறிதாக்கிவிடாதீர்கள்.

அவனுக்கென்று தனி விதிகள் வைத்தால் வகுப்பு அவனையே பார்க்கும். ஆகவே விதி எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். சிக்கலான சூழலிலிருந்து வரும் சிறாரோடு பல்லாண்டுகள் மைதானத்தில் பணியாற்றிய டான் ஹெலிசன் என்ற அமெரிக்க உடற்கல்விப் பேராசிரியர் வகுத்த பொறுப்புணர்வு மாதிரி இதற்கு மிகவும் பொருந்தும். பிறர் உரிமையையும் உணர்வையும் மதித்தல், முயன்று பங்கேற்றல், தானே தன்னை நடத்திக்கொள்ளுதல், பிறருக்கு உதவுதல், இவற்றை மைதானத்துக்கு வெளியேயும் கொண்டுசெல்லுதல் என்று அதில் ஐந்து இலக்குகள். அவற்றைச் சுவரில் ஒட்டிவிட்டு விடுவதில் பயனில்லை. பாடவேளை முடிவில் இரண்டு நிமிடம் வட்டமாக உட்கார்ந்து, இன்று மதித்தல் எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்க, ஒவ்வொருவரும் கட்டைவிரலை மேலே, பக்கவாட்டில், கீழே என்று மார்போடு ஒட்டிப் பிடித்துக் காட்டட்டும். அடுத்தவருக்குத் தெரிய வேண்டியதில்லை. உங்கள் பையன் முதல் வாரம் முழுவதும் விரலை மேலேயே காட்டுவான், அடித்த அன்றும் காட்டுவான். வாதாடாதீர்கள். என் அனுபவத்தில், மூன்று நான்கு வாரம் கழித்து ஒருநாள் விரல் பக்கவாட்டில் திரும்பும்; அது பெரிய நாள்.

பாராட்டைப் பற்றி ஒரு சொல். "நல்ல பையன்" என்பது அவன் காதில் விழாது, நம்பவும் மாட்டான். "அவன் சிரித்தபோது நீ திரும்பிப் பார்த்துவிட்டு வரிசையிலேயே நின்றாய்" என்று, கண்டதைக் கண்டபடி, அவனுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொல்லுங்கள். எல்லோர் முன்னிலும் புகழப்படுவது இத்தகைய பிள்ளைகள் சிலருக்கு வசையைவிடக் கூச்சம் தரும்.

மாத்திரை விஷயத்தைப் பெற்றோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அளவைப் பற்றிப் பேசுவது உங்கள் வேலை அன்று, நேரத்தைப் பற்றிக் கேட்பது உங்கள் வேலை. ஏ.டி.எச்.டி.-க்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்தின் குறுகிய நேர வகை ஏறத்தாழ நான்கு மணி நேரமே செயல்படும். காலையில் சாப்பிட்டதன் பயன் பிற்பகல் பாடவேளையில் வடிந்திருக்கலாம். அது பசியைக் குறைக்கும், இதயத் துடிப்பைக் கூட்டும். மூர்க்கத்தைக் குறைக்கச் சில பிள்ளைகளுக்குத் தரப்படும் ரிஸ்பெரிடோன் போன்றவை வெப்பத்தைத் தாங்கும் திறனைக் குறைக்கலாம். ஏ.டி.எச்.டி.-க்குச் சிலருக்குத் தரப்படும் இன்னொரு மருந்தான குளோனிடின் எடுப்பவருக்குத் திடீரென்று எழும்போது தலைசுற்றலாம். மருந்து எதுவானாலும் தண்ணீருக்கு அடிக்கடி இடைவெளி விடுவதும், கடும் வெயிலில் வேகத்தைக் குறைப்பதும் தவறாகாது.

சுவரோரம் உட்காரும் மாணவியைப் பற்றி நீங்கள் ஒரே வாக்கியம்தான் எழுதியிருக்கிறீர்கள். அவள் சத்தம் போடாததால் அப்படி ஆகிவிட்டது. அவளுக்கும் அதே மூன்று பத்தி நோட்டுப் புத்தகத்தைத் தொடங்குங்கள். உடை மாற்றும் இடமா, உடலைப் பற்றிய கேலியா, மாதவிடாய் நாட்களா, வேறு ஏதேனும் அச்சமா என்று கண்டுபிடிக்கும்வரை கட்டாயப்படுத்த வேண்டாம். நேரம் குறிப்பது, நிலைய அட்டைகளை மாற்றுவது என்று தொடங்கி, அடுத்து ஒரே தோழியோடு ஒரு நிலையம் மட்டும் என்று நகர்த்தலாம். மைதானத்தில் மட்டுமல்லாமல் எங்குமே ஒட்டாமல் இருக்கிறாள் என்றால், பள்ளி ஆலோசகரிடம் உடனே சொல்லுங்கள்.

மற்றப் பெற்றோரிடம் பையனின் நோயைப் பற்றி எதுவும் பேசக் கூடாது. அது அவன் குடும்பத்துக்கு உரிய செய்தி. "ஆளை வெளியேற்றும் ஆட்டங்களை நிறுத்தியிருக்கிறேன், மட்டைகளைக் கொடுத்து வாங்கும் முறையை மாற்றியிருக்கிறேன், இன்னும் ஆறு வாரத்தில் பதிவுகளோடு தலைமையாசிரியரிடம் பேசுவேன்" என்று செய்வதைச் சொல்லுங்கள். தலைமையாசிரியரிடம், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இலேயே, பள்ளிக்குள் நடக்கும் விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளுக்குப் பிறருக்கு இணையான பங்கு வேண்டும் என்று 30-ஆம் பிரிவில் வகுத்திருப்பதைக் குறிப்பிடலாம். என்றாலும் உடன்படிக்கையைவிட உங்கள் நோட்டுப் புத்தகம்தான் அவரிடம் எடுபடும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: மரத்தடி என்ற தப்பிக்கும் வழி அடைபட்டதும், முதல் ஓரிரு வாரங்கள் அவன் நடத்தை இன்னும் மோசமாகலாம். பழைய சாவி திறக்காதபோது யாரும் முதலில் அதையே பலமாகத் திருகிப் பார்ப்பார்கள். அந்த வாரத்தில் திட்டத்தைக் கைவிட்டால், பலமாகத் திருகினால் திறக்கும் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்வான். உதவிக்கு இன்னொரு ஆசிரியரை அந்த இரண்டு வாரத்துக்காவது மைதானத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். 38 பேருக்கு ஒருவர் என்பது நியாயமான எண்ணிக்கை அன்று.

கடைசியாக, அவனிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லுங்கள். தனியறையில் எதிரே உட்கார வைத்துச் சொல்ல வேண்டாம். இதுவரை அந்த நாற்காலியில் அவனுக்கு வசை மட்டுமே கிடைத்திருக்கும். பந்துப் பையின் ஒரு காதை அவனும் மறு காதை நீங்களும் பிடித்து மைதானத்துக்கு நடக்கும்போது, அவன் முகத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள்: "உன்னை அடிக்கடி மரத்தடிக்கு அனுப்பினேன். அது சரியான வழி இல்லை என்று இப்போது தெரிகிறது. இனி வேறு மாதிரி செய்யப் போகிறேன்." அவன் பதில் பேசமாட்டான், தோளைக் குலுக்கலாம், பையை ஒரு முறை இழுக்கலாம். பதிலுக்காக நிற்காமல், பையைத் திறந்து முதல் பந்தை அவன் கையில் கொடுத்து, எந்த நிலையத்தில் தொடங்க விரும்புகிறான் என்று கேளுங்கள்.